தப்பாகச் சொல்லும் வேலை

என் பெரியப்பாவுக்குத் தப்பாகப் பதில் சொல்வதுதான் வேலை.

வேலைச் சீட்டில் அப்படிப் போட்டிருக்காது. அதில் அவர் நாற்காலி, மேசை பழுதுபார்ப்பவர். நகைச்சுவை வினாடி வினா ஒன்றைப் படம்பிடிக்கும் கூடத்தில், போட்டியாளர் உட்காரும் சுழல் நாற்காலி கிரீச்சிடுகிறது என்று ஒருநாள் காலையில் கூப்பிட்டிருக்கிறார்கள். எண்ணெய் விட்டுவிட்டு, சரியாகிவிட்டதா என்று உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்திருக்கிறார். எதிரே கேள்விக்காரர் ஒத்திகைக்காகச் சட்டையில் மைக் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். நிகழ்ச்சியை நடத்துகிறவர் அவர். கூடத்தில் அவருக்கு அதுதான் பெயர்.

"உக்காந்ததுதான் உக்காந்துட்டீங்க, ஒண்ணு கேக்கட்டுமா? திமிங்கலம் மீனா, இல்லையா?"

"தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் மீனுதான் சார். மூச்சு விட மேல வந்தா பேச்சு வேற."

விளக்கு மாட்டிக்கொண்டிருந்தவர் ஏணியிலேயே சிரித்துவிட்டாராம். கேள்விக்காரர் சிரிக்கவில்லை. "நாளைக்கும் வாங்க" என்றாராம்.

கூடம் என்பது பழைய கிடங்கு. தகரக் கூரை. மழை பெய்தால் மைக்கில் மழை மட்டும்தான் கேட்கும்; படப்பிடிப்பை நிறுத்திவிட்டு எல்லோரும் டீ குடிப்பார்கள். நிகழ்ச்சியில் சரியான பதிலுக்கு மார்க் உண்டு. ஆனால் அதற்காக யாரும் பார்ப்பதில்லை. தப்பான பதில் வரும், ஆட்டுக்குட்டி கத்துவது போல ஒரு ஹாரன் அடிக்கும், கேள்விக்காரர் அந்தப் பதிலைப் பிடித்து இழுத்து எங்கெங்கோ கொண்டுபோய் விடுவார். ஜனங்கள் காத்திருப்பது அதற்குத்தான். நிஜப் போட்டியாளர்களை மதியத்துக்கு முன்பு உள்ளே விடக் கூடாது என்பது விதி. அதனால் காலை ஒத்திகையில் கேள்விக்காரரின் நாக்கு பழக, தப்பாகச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பெரியப்பா. மார்க் பலகைக்காரர் தினமும் அவருக்கு நேராகச் சுழியத்தை மாட்டி மாட்டி, அவர் பெயர் முட்டை சார் ஆகிவிட்டது. டீக் கடைக்காரர் கூட, "முட்டை சாருக்கு ஒரு டீ" என்றுதான் சொல்வார்.

நான் அங்கே கேள்வி எழுதுகிறவர்களில் ஒருவன். பெரியம்மா சொல்லிப் பெரியப்பா வாங்கிக்கொடுத்த வேலை. அவர்கள் வீட்டு மாடியறையில்தான் இருக்கிறேன்.

கண்டபடி உளறினால் தப்பான பதில் ஆகாது என்பார் பெரியப்பா. யார் கேட்டாலும் இதைச் சொல்வார். "சரியான பதில் ஒரு வீட்டுல குடியிருக்குன்னு வை. அந்தக் கதவைத் தட்டக் கூடாது. அடுத்த தெருவுக்கும் போயிடக் கூடாது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டணும்." இதயத்துக்கு எத்தனை அறை என்று ஒருமுறை கேட்டபோது, "ரெண்டு பெட்ரூம், ஒரு ஹால், ஒரு கிச்சன்" என்றார். ஹாரன் அடித்தது. கேள்விக்காரர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். கூட்டினால் நாலு. அன்று ஒத்திகை முடியும்வரை அவர் அந்த வீட்டைச் சுற்றியே பேசினார்: யார் குடியிருக்கிறார்கள், எந்தக் குழாய் ஒழுகுகிறது, ஹாலில் யார் பாயைச் சுருட்டாமல் போனது என்று.

பக்கத்து வீடு தெரிய வேண்டுமானால் முதலில் அந்த வீடு தெரிய வேண்டும். அதற்காகப் பொது அறிவுப் புத்தகங்களை வாங்கிவருவார். பெரியம்மாவுக்குச் சலவைக் கடையில் வேலை. வாங்கும் துணிக்குச் சீட்டுக் கட்டுவது, வெளுத்து வந்ததை மடிப்பது. வீட்டுக்கு வந்தும் கை மடித்துக்கொண்டே இருக்கும். மடித்தபடி கேள்வி கேட்பாள். முதலில் சரியானதைச் சொல்லிவிட்டு, பிறகு தப்பானதைச் சொல்வார். அவள் சிரித்தால் மறுநாள் அது கூடத்துக்குப் போகும். சிரிக்காவிட்டால் வேறொன்று யோசிப்பார்.

பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பால் வாங்கினீங்களா என்றால் மாட்டுக்கு லீவு என்பார். குடையை எங்கே வைத்தீர்கள் என்றால், அதுக்கும் கல்யாண வயசு, யாரோடயோ போயிடுச்சு என்பார். இந்த வீட்டில் ஒரு கேள்விக்கு நேரான பதில் வந்தால்தான் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்போம்.

பெரியம்மாவின் மகள், என் அக்கா, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவள் கணவருக்கு வேலை வெளியூரில். தினமும் காலையில் தன் மகள் பாப்பாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவாள். மழலைப் பள்ளிக்கு அவளைக் கூட்டிப்போவது பெரியப்பா. பேருந்து ஏற வேண்டும், இறங்கி ஒரு பெரிய சாலையைக் கடக்க வேண்டும். விட்டுவிட்டு ஒத்திகைக்குப் போவார். ஒத்திகை முடிந்ததும் மறுபடி பள்ளிக்குப் போவார். அந்த இரண்டு பயணங்களுக்காகவே சட்டையை இஸ்திரி போட்டுக்கொள்வார். கேள்விக்காரருக்கு முன்னால் கசங்கிய சட்டை போதும் அவருக்கு.

ஒருநாள் இருவரும் தாமதமாக வந்தார்கள். பாப்பா கையில் பாதி தின்ற பன். "தாத்தா என்னைப் புது ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனாரு" என்றாள்.

"மாத்திடலாம்னு பார்த்தேன். சீட்டு இல்லன்னுட்டாங்க" என்றார் பெரியப்பா.

சிரித்தோம். பெரியம்மாவும் சிரித்தாள். பிறகு கையிலிருந்த சட்டையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

வேறொரு நாள் பள்ளியிலிருந்து அக்காவுக்கு போன் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் போயாகிவிட்டது, இந்தக் குழந்தையைக் கூப்பிட யாரும் வரவில்லை என்று. அக்கா வெள்ளைக் கோட்டைக் கூடக் கழற்றாமல் ஓடியிருக்கிறாள். பாப்பா காவலாளியின் ஸ்டூலில் உட்கார்ந்து அவரோடு போகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாளாம். பெரியப்பா வீட்டு வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, பாப்பா எங்க?"

"ஸ்கூல்ல. படிச்சு முடிச்சதும் வந்துடுவா."

"அப்பா, விளையாடாதீங்க. மறந்துட்டீங்களா?"

"மறந்தா ஞாபகம் இருக்காதே" என்றார். அக்காவுக்கு அழவா சிரிக்கவா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யாமல் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள்.

அதற்குப் பிறகு பெரியம்மா நேராகவே கேட்டுப் பார்த்தாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"நேத்திக்கு அடுத்த கிழமை."

"இங்க பாருங்க. இது கூடம் இல்ல. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்னு சொன்னா என் வேலை போயிடும்மா."

அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் தமாஷ் பண்ணும்போது இருக்கும் அதே முகம்தான். சந்தேகப்பட அதில் ஒன்றுமே இல்லை. அதுதான் கஷ்டம்.

டாக்டரிடம் கூட்டிப்போனோம். சின்ன வயதுக்காரி. மேசையில் ஒரு கடிகாரமும் டிஷ்யூ காகிதப் பெட்டியும் இருந்தன.

"இப்ப என்ன மாசம்னு சொல்லுங்க."

"மழை வரும்னு சொல்லி ஏமாத்துற மாசம்."

"சரி. மூணு வார்த்தை சொல்றேன், ஞாபகம் வச்சுக்கங்க. மரம், சாவி, பந்து. கொஞ்ச நேரம் கழிச்சுக் கேப்பேன்." ரத்த அழுத்தம் பார்த்தாள், கண்ணில் விளக்கடித்தாள், பிறகு கேட்டாள்: "அந்த மூணு வார்த்தை?"

"அவங்க மூணு பேரும் கிளம்பிட்டாங்க டாக்டர். உங்களை விசாரிச்சதா சொல்லச் சொன்னாங்க."

டாக்டர் சிரித்துச் சிரித்துத் தன் பெட்டியிலிருந்தே காகிதம் எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பெரியம்மாவிடம், "எப்பவும் இப்படித்தானாம்மா?" என்றாள்.

"வேலையே அதுதான்."

"அப்ப இந்தப் பரிசோதனையை வச்சு என்னால ஒண்ணும் சொல்ல முடியல. ஸ்கேன் எடுக்கலாம். அதுலயும் இந்த வயசுக்கு மூளையில கொஞ்சம் சுருக்கம் எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சுகிட்டே சொல்றாரா, தெரியாம சொல்றாரான்னு கூட இருக்கிறவங்கதான் பார்க்கணும்."

திரும்பி வரும்போது பேருந்தில் பெரியப்பா, "நல்ல பொண்ணு. ஆனா ஹாரன் இல்ல" என்றார்.

அக்கா விடுப்புப் போட்டாள். பாப்பாவைத் தானே பள்ளிக்குக் கூட்டிப்போனாள். "சீக்கிரம் ஒண்ணு சொல்லும்மா" என்றாள் பெரியம்மாவிடம். "நல்லா இருக்காருன்னு தெரிஞ்சா நாளைக்கே அவர் கையில விட்டுடுறேன். அவரு அதுக்குத்தான் காலையில எழுந்திருக்கிறாரு. இல்லன்னா அதையும் சொல்லு. அந்த ரோட்டுல நான் கண்ணை மூடிட்டு விட முடியாது."

பெரியப்பா அந்தக் காலைகளில் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்றார். யாரும் வராததால் உள்ளே வந்து உட்கார்ந்தார். காரணம் கேட்கவில்லை.

"அவரைத் தினமும் கேள்வி கேக்கிறவர் ஒருத்தர் இருக்காரே" என்றாள் பெரியம்மா என்னிடம். "டாக்டருக்கு ஒரு தடவைதான். அவரு எத்தனை வருஷமா கேக்கிறாரு. என்னை உள்ள விடுவாங்களா?"

கேட்டுப் பார்த்தேன். விட்டார்கள். இத்தனை வருடத்தில் அவள் அந்தக் கூடத்துக்கு வந்ததில்லை. பார்வையாளர் பகுதியில் ஒரு நாற்காலி கூட நிரம்பாத வரிசைகளைப் பார்த்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஓரமாக உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

விளக்குகள் எரிந்தன. பெரியப்பா சுழல் நாற்காலியில் ஏறினார்.

"வாய்யா முட்டை. தேனீக்கு எத்தனை இறக்கை?"

பெரியப்பா யோசித்தார். "வெயில் ஜாஸ்தி" என்றார்.

ஹாரன் அடித்தது. கேள்விக்காரர் காத்திருக்கவில்லை. "வெயில் ஜாஸ்தின்னா ரெண்டைக் கழட்டி வச்சிட்டு வெறும் பனியனோட பறக்கும்கிறீங்க. வீட்டுல பெண்டாட்டித் தேனீ சும்மா விடுமா?"

விளக்குக்காரர் சிரித்தார். கேமராக்காரர்கள் சிரித்தார்கள்.

"சதுரங்கத்துல குறுக்க மட்டுமே போற காய் எது?"

"அந்த நீலச் சட்டை."

"பார்த்தீங்களா, நம்ம ரெண்டாவது கேமராவைத்தான் சொல்றாரு. நீலச் சட்டை. நேரா போய் நான் பார்த்ததே இல்ல." எல்லோரும் நீலச் சட்டைக்காரரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

எனக்கு அந்தப் பதில்கள் சில மாதங்களாகவே பிடித்திருந்தன. நவீன கவிதை படிக்கிறவனுக்கு அவை பிடிக்கத்தான் செய்யும். கடலின் ஆழத்தை எதால் அளப்பார்கள் என்று நான் எழுதிக்கொடுத்த கேள்விக்குக் "கதவால" என்றிருந்தார். முட்டை சார் வேறெங்கோ போய்விட்டார் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன்.

"பனிக்கட்டி தண்ணியில மூழ்குமா, மிதக்குமா?"

பெரியப்பா நாற்காலியை மெல்லச் சுழற்றி இருட்டான வரிசைகளைப் பார்த்தார். பெரியம்மாவைக் கண்டுபிடித்தார். அவள் மடித்துக்கொண்டே கேள்வி கேட்கும்போது வீட்டில் பார்ப்பாரே, அந்தப் பார்வை இல்லை இது. கடையில் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு, எண்ணத் தெரியாமல் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பது போல ஒரு பார்வை.

"மிதக்கும்" என்றாள் பெரியம்மா. பாதி எழுந்துவிட்டிருந்தாள்.

ஹாரன்காரர் அடிப்பதா வேண்டாமா என்று விழித்தார். "அம்மாவுக்கு ஒரு மார்க்" என்றார் கேள்விக்காரர். மார்க் பலகைக்காரர் ஒன்று என்ற அட்டையைத் தேடி எடுத்து மாட்டினார். பெரியப்பா கைதட்டினார்.

ஒத்திகை முடிந்ததும் பெரியம்மாவை ஒப்பனை அறைக்குக் கூட்டிப்போனேன். கேள்விக்காரர் கண்ணாடி முன்னால் கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். அவள் உட்காரவில்லை.

"எங்க வீட்டுக்காரரு தெரிஞ்சுகிட்டே தப்பா சொல்றாரா, இல்ல தெரியாமலா? நீங்கதான் சொல்லணும்."

அவர் துண்டை எடுத்து மடித்தார். கோணலாக மடித்தார். பெரியம்மாவின் கை அதை வாங்கிச் சரியாக மடிக்கப் போய், நின்றுவிட்டது.

"முன்னல்லாம் அவரு ஒரு தப்பு சொன்னா, அது மேல ஏறி நின்னு நான் குதிப்பேம்மா. பலகை மாதிரி இருக்கும். இப்ப அவரு சொல்றதுல கால் வைக்க இடமே இல்ல. நானே பலகையைப் போட்டு நானே குதிக்கிறேன்."

"எல்லாரும் சிரிக்கிறாங்களே."

"நான் சொல்றதுக்குச் சிரிக்கிறாங்க."

"ஒருவேளை புதுசா ஏதாவது பண்ணிப் பாக்கிறாரோ என்னவோ."

"தெரிஞ்சவருக்குத்தாம்மா பக்கத்து வீடு தெரியும். தேனீக்கு வெயிலுங்கிறாரு. அது பக்கத்து வீடும் இல்ல, அடுத்த தெருவும் இல்ல. ஆளு வழியிலயே நிக்கிறாரு."

பெரியம்மா தலையாட்டினாள். ஒரு சட்டையில் கறை போகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொள்வது போலத்தான் இருந்தது.

"எத்தனை நாளா உங்களுக்குத் தெரியும்?"

"கொஞ்ச மாசமாவே."

"சொல்லியிருக்கலாமே."

"வீட்டுலேர்ந்து யாராவது வந்து கேப்பீங்கன்னு இருந்தேன்." அவர் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். "கேட்டே பழகிட்டேன். கேக்காம ஒண்ணைச் சொல்ல எனக்கு வரல."

"அவர் வேலை?"

"உக்காரட்டும். அந்த நாற்காலியில உக்காந்து என்ன சொன்னாலும் யாருக்கும் ஒண்ணும் ஆயிடாது." துண்டைக் கண்ணாடி முன்னால் வைத்தார். "குழந்தையைக் கூட்டிட்டுப் போறது அவருதானே?"

"ஆமா" என்றாள் பெரியம்மா.

வெளியே போட்டியாளர்களை உள்ளே விட ஆரம்பித்திருந்தார்கள். அவர்கள் எல்லோரும் புதுச் சட்டையில், உதட்டை அசைத்து எதையோ மனப்பாடம் பண்ணிக்கொண்டு நடந்தார்கள்.

பேருந்தில் பெரியம்மாவும் பெரியப்பாவும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். நான் பின்னால். மழலைப் பள்ளி இருக்கும் நிறுத்தம் வந்தபோது பெரியப்பா எழுந்தார். பெரியம்மா அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அவ அம்மா வந்து கூட்டிட்டுப் போயிடுவா."

உட்கார்ந்தார். நிறுத்தம் போயிற்று.

"நாளையிலேர்ந்து பாப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன். கடையில மதியம் வேலைக்கு மாத்திக்கிறேன்னு கேட்டுக்கிறேன். நீங்க ஒத்திகைக்கு இவனோட போங்க."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஏதாவது தமாஷாகச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவளும் காத்திருந்தாள்.

"ஏன்னு நான் கேக்கல" என்றார். "கேட்டா நீ சொல்லிடுவ."

இறங்கியதும் பெரியம்மா அக்காவுக்கு போன் போட்டாள். "இல்லடி" என்றாள். "இல்ல. தெரியாமதான்." பிறகு நெடுநேரம் அந்தப் பக்கம் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

மறுநாள் காலை அக்கா பாப்பாவைக் கொண்டுவந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். பெரியம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். பெரியப்பா இஸ்திரி போடாத சட்டையில் நாற்காலியில் இருந்தார்.

"தாத்தா வரலையா?" என்றாள் பாப்பா.

"தாத்தாவை பாஸ் பண்ணி விட்டுட்டாங்க" என்றார். "இனிமே ஸ்கூல் கிடையாது."

"அப்ப ஷூவாவது போட்டு விடுங்க."

அவர் தரையில் உட்கார்ந்தார். பாப்பா காலை நீட்டினாள். நிதானமாக, ஒவ்வொரு பட்டையாக இழுத்து ஒட்டினார். போட்டு முடித்ததும் பாப்பா குனிந்து பார்த்து, கெக்கெக்கே என்று சிரிக்க ஆரம்பித்தாள். வலது இடதிலும் இடது வலதிலும் இருந்தன. இரண்டு ஷூவும் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்தன.

"தாத்தா மாத்தி போட்டுட்டாரு."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். பெரியம்மாவும் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் பாப்பாவின் முகத்தைப் பார்த்தார். அவள் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தார்.

"போலாமா" என்றாள் பெரியம்மா.

பாப்பா வாத்து மாதிரி நடந்து காட்டிக்கொண்டே வாசல்வரை போனாள். அவர் கையாட்டினார். தெரு திரும்பியதும், ஒரு வீட்டுச் சுற்றுச்சுவரின் விளிம்பில் அவளைத் தூக்கி உட்காரவைத்து, பெரியம்மா இரண்டு ஷூவையும் கழற்றினாள்.